கொடுக்கப்பட்டதும் எடுக்கப்பட்டதும்

பௌத்த நூல்களையும் தொல்பொருள்களையும் ஆராயும் அறிஞர் உலகிலிருந்து வரும் செய்திகளை நம் சங்க அன்பர்கள் பெரும்பாலும் தூரத்துச் செய்திகளாகவே படித்து மடித்து வைத்துவிடுகின்றனர். ஒரு சுவடியின் காலம் எது, ஒரு கல்வெட்டுச் சொல்லின் பொருள் யாது என்னும் ஆராய்ச்சிகள் அன்றாட வாழ்வுக்கு எட்டாதவை எனத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் சில வேளைகளில் அவ்வுலகிலிருந்து எழும் வினா, நாம் நாள்தோறும் சொல்லும் பஞ்ச சீலத்தின் இரண்டாம் வரியிலேயே வந்து நிற்கிறது. கொடுக்கப்படாததை எடேன் என்பது அவ்வரி. அதன் முழுப் பொருளையும் நாம் உணர்ந்திருக்கிறோமா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பொன்று 2025 ஆம் ஆண்டில் உலகப் பௌத்தர் அனைவர்க்கும் கிடைத்தது.

அவ்வாண்டு மே மாதம் 7 ஆம் நாள், சோத்பீஸ் என்னும் ஏல நிறுவனம் ஹாங்காங் நகரில் சில மணிகளை ஏலத்துக்கு விடுவதாக அறிவித்திருந்தது. முத்து, பவளம், செவ்வந்திக்கல், பளிங்கு ஆகியவற்றில் செய்த சிறு சிறு மணிகளும், மலர் வடிவில் செதுக்கிய கற்களும், பொற்றகட்டுத் துணுக்குகளுமே அவை. பத்துக் கோடி ஹாங்காங் டாலர் வரை விலை போகும் என எதிர்பார்க்கப்படுவதாகச் செய்தித்தாள்கள் எழுதின. இந்தியாவின் பிப்ரவா சேதியத்தில், பகவன் புத்தருடைய தாதுக்கள் எனக் கருதப்படும் எலும்புத் துணுக்குகளோடு கூட இருந்தவை இம்மணிகள் என்பதே அவ்விலைக்குக் காரணம். இந்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் மறுப்புத் தெரிவித்து வழக்கறிவிப்பு அனுப்பியது. பௌத்தர் பலரும் கலை வரலாற்று அறிஞர் பலரும் கண்டனம் எழுப்பினர். ஏலம் தள்ளிவைக்கப்பட்டது. ஜூலை 30 ஆம் நாள், மணிகள் இந்தியா திரும்பின என்னும் அறிவிப்பு வந்தது.

செய்தி இவ்வளவே. மணிகள் வந்து சேர்ந்துவிட்டன. ஆயின் அவற்றோடு வந்த வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. வழிபாட்டுக்கென்று கொடுக்கப்பட்ட ஒரு பொருள் யாருக்கு உரியது? அதனை விற்கும் உரிமை எவர்க்கேனும் உண்டோ?

மண்ணினின்றும் வெளிவந்த வரலாறு

பிப்ரவா என்பது இன்றைய உத்தரப் பிரதேசத்துச் சித்தார்த்தநகர் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டிய ஓர் ஊர். 1898 ஆம் ஆண்டு ஜனவரியில், பேர்ட்பூர் என்னும் பெரும்பண்ணையை நிருவகித்து வந்த வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்னும் ஆங்கிலேயர், தம் பண்ணை எல்லைக்குட்பட்ட செங்கல் மேடொன்றை ஆட்களைக் கொண்டு தோண்டினார். மேட்டின் ஆழத்தே ஒரே மணற்கல்லில் குடைந்த பெரும் பேழை ஒன்று அகப்பட்டது. அதனுள் மாக்கற் கலங்கள் சிலவும், மூடியில் மீன் வடிவக் கைப்பிடி வைத்த பளிங்குச் செப்பு ஒன்றும் இருந்தன. எலும்புத் துணுக்குகளும் சாம்பலும், அவற்றோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட மணிகளும் பொன்மலர்களும் வெளிப்பட்டன.

மாக்கற் செப்புகளில் ஒன்றன் மூடியைச் சுற்றிப் பிராமி எழுத்தில் ஒரு சிறு வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. அதனைப் படித்தவர்களுள் ஜார்ஜ் பூலர் போன்றோர், சாக்கியரின் புத்த பகவனுடைய தாதுக்களை உடன்பிறந்தார் சிலர் தம் சகோதரியரோடும் மக்களோடும் மனைவியரோடும் கூடி வைத்த வைப்பு என்று பொருள் கொண்டனர். பிளீட் என்னும் அறிஞரோ, இவை புத்தருடைய உறவினராகிய சாக்கியரின் எலும்புகள் என்று வேறு பொருள் கூறினார். நூற்றாண்டு கடந்தும் சொற்பொருள் பற்றிய அவ்வாதம் முற்றிலும் ஓயவில்லை. ஆனால் ஒன்று மட்டும் இரு சாராருக்கும் உடன்பாடு: ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக ஒரு குடும்பமே கூடி இக்கொடையைச் செய்தது.

அதன்பின் நிகழ்ந்தது பங்கீடு. 1878 ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி ஆங்கில அரசு பொருள்களைத் தன் உரிமையாக்கியது. எலும்புத் துணுக்குகளும் சாம்பலும், அந்நாளில் ஆட்சியிலிருந்த பௌத்த அரசராகிய சயாம் மன்னர் சூளாலங்காரணுக்கு 1899 இல் வழங்கப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி பர்மாவுக்கும் இலங்கைக்கும் சென்றது. பாங்காக் நகரத்துப் பொன்மலைச் சேதியத்தில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. மணிகளில் பெரும்பகுதி கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஒரே மாதிரியானவை பல இருந்தமையின், மிகையெனக் கருதப்பட்ட ஒரு சிறு பங்கைப் பெப்பே தம்மிடமே வைத்துக்கொள்ள அரசு இசைந்தது. அவருடைய வழித்தோன்றல்களிடம் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்த அப்பங்கே ஹாங்காங் வரை சென்றது.

அன்பர்கள் ஈண்டுச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். எலும்பு வணக்கத்துக்குரியது, மணி காட்சிக்குரியது, மிகுந்தது கண்டெடுத்தவருக்குரியது என்று மூன்றாக வகுத்த கோடு எங்கிருந்து வந்தது? கொடுத்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே பேழையில் வைத்து ஒரே மூடியால் மூடினார்கள். கோடு கிழித்தவர் பின்னர் வந்தவர்.

விற்போர் கூற்று

எதிர்த்தரப்பாரின் வாதத்தை முழுமையாகக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது பௌத்தர்க்கு அழகன்று. ஆதலின் விற்க முற்பட்டோர் பக்கம் நின்று சொல்லத்தக்கவற்றை முதலிற் கூறுவோம்.

இம்மணிகள் திருடப்பட்டவை அல்ல. அந்நாளைய சட்டப்படி அரசே அளித்தவை என்பது முதல் வாதம். இவை புத்தருடைய உடற்கூறுகள் அல்ல, அவற்றோடு வைத்த காணிக்கைகளே. ஆதலின் தாதுக்குரிய புனிதம் இவற்றுக்கு இல்லை என்பது இரண்டாவது. வெளிப்படையான ஏலத்தின் மூலம் இவை பௌத்தர் கையிலேயே சென்று சேரக்கூடும் என்பது மூன்றாவது. இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் நாமே சேர்த்துக்கொள்ளலாம்; ஏனெனில் அது நம்மை நோக்கியே அடிக்கடி எறியப்படும் கேள்வி. எல்லாம் அநித்தியம் என்றும், நான் எனது என்பவை மயக்கம் என்றும் போதிக்கும் சமயத்தார் கல்லுக்கும் எலும்புக்கும் உரிமை கொண்டாடலாமோ?

இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

தாதுவும் மணியும்

உடற்கூறு வேறு, உடன்வைத்த பொருள் வேறு என்னும் பாகுபாட்டுக்கு நம் ஆகமத்திலேயே விடை இருக்கிறது. பகவன் குசினாராவில் பரிநிர்வாணம் எய்தியபின், தாதுக்களுக்காக எழுந்த பூசலை மகாபரிநிப்பான சுத்தம் விரித்துரைக்கிறது. மகத மன்னன் அஜாதசத்துரு கேட்டான், வைசாலி லிச்சவியர் கேட்டனர், கபிலவத்துச் சாக்கியர் கேட்டனர், பிறரும் கேட்டனர். எங்கள் மண்ணில் மறைந்தார், எவர்க்கும் பங்கில்லை என்றனர் குசினாரா மல்லர். பொறுமையைப் போதித்தவருடைய எலும்புக்காகப் போர் மூளும் நிலை வந்தது. அப்போது துரோணர் என்னும் அந்தணர் நடுவே நின்று, பொறையுரைத்தவர் பெயரால் சண்டை வேண்டா என அமைதிப்படுத்தி, தாதுக்களை எட்டுப் பங்காக அளந்து கொடுத்தார்.

பின்னர் துரோணர் தமக்கென ஒன்று கேட்டார். அது எலும்பன்று; தாதுக்களை அளந்த வெறுங்கலம். அதற்கு அவர் சேதியம் எடுத்தார். காலந்தாழ்ந்து வந்த பிப்பலிவனத்து மோரியருக்குச் சிதையின் தணல்கரியே கிடைத்தது. அதற்கும் சேதியம் எடுக்கப்பட்டது. எட்டுத் தாதுச் சேதியங்களோடு கலச் சேதியம் ஒன்றும் கரிச் சேதியம் ஒன்றுமாகப் பத்து என்று எண்ணுகிறது சுத்தம்.

வெறுங்கலமும் கரியும் உடற்கூறுகள் அல்ல. ஆயினும் அவற்றைத் தொட்டது எது என்பதை எண்ணி மக்கள் வணங்கினர். அவ்வாறாயின், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் எலும்போடு எலும்பாய்ச் சாம்பலில் கிடந்த மணியைத் தனியே பிரித்து, இது வெறும் கல் என்று சொல்வதற்குப் பௌத்த மரபில் இடமில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்துக் கீழை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியின் பேராசிரியர் ஆஷ்லி தாம்சன் போன்றோர் 2025 இல் எழுப்பிய வினாவும் இதுவே. மனித எச்சம் எது, அல்லாதது எது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்று அவர்கள் கேட்டனர்.

கொடை யாருக்கு?

இனிச் சட்ட வாதத்துக்கு வருவோம். கொடையில் மூன்று உண்டு: கொடுப்போர், கொடுக்கும் பொருள், பெறுவோர். பிப்ரவாவில் கொடுத்தவர் ஒரு குடும்பத்தார். பொருள் அவர்தம் பொன்னும் மணியும். ஒரு பெண் தன் காதிலிருந்தோ கழுத்திலிருந்தோ கழற்றியவையும் அவற்றுள் இருந்திருக்கலாம். பெற்றவர் யார்? உயிரோடிருந்த மனிதர் எவருமிலர், அரசருமிலர். சேதியத்துக்கே அவை கொடுக்கப்பட்டன. மண்ணுக்குள் மூடிவிட்டால் எவரும் காணப் போவதில்லை, எவரும் புகழப் போவதில்லை என்று அறிந்தே கொடுத்தனர். திரும்பப் பெறும் எண்ணமின்றிக் கைவிட்ட அந்த மனநிலையே தானத்தின் உயிர்.

இத்தகைய கொடை பற்றி விநயம் வியக்கத்தக்க நுட்பத்தோடு பேசுகிறது. சங்கத்துக்கென்று நினைக்கப்பட்ட பொருளைத் தன்பால் திருப்பிக்கொள்ளும் பிக்கு குற்றவாளியாவான். அது மட்டுமன்று, ஒரு சேதியத்துக்கென்று நினைக்கப்பட்டதை இன்னொரு சேதியத்துக்கோ, சங்கத்துக்கோ, தனியொருவருக்கோ திருப்பிவிடுவதும் குற்றமே என்று அவ்விதியின் விளக்கம் கூறுகிறது. உரையாசிரியர் இன்னும் ஒரு படி சென்று, ஒரு நாய்க்கென்று நினைத்ததைக்கூட இன்னொரு நாய்க்குத் திருப்பலாகாது என்கிறார். சங்கத்தின் நன்மைக்காகக்கூடத் திருப்பக் கூடாததை, ஓர் அரசாங்கம் பண்ணை நிருவாகிக்குத் திருப்பிக் கொடுத்தது.

இரண்டாம் சீலத்தின் சொல்லமைப்பைக் கவனியுங்கள். பிறர்க்கு உரியதை எடேன் என்று அது சொல்லவில்லை. கொடுக்கப்படாததை எடேன் என்கிறது. உரியவர் இன்னார் என்று காட்டினால்தான் திருட்டு என்பது உலகச் சட்டத்தின் வழி. உரியவர் எவரும் இல்லை என்றாலும், உனக்குக் கொடுக்கப்பட்டதோ என்று உன்னையே கேட்பது சீலத்தின் வழி. பெப்பே நேர்மையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. தாம் கண்டதை மறைக்காமல் அரசுக்கு அறிவித்தவர் அவர். அரசு தந்ததைப் பெற்றுக்கொண்டார். ஆனால் அரசு தந்தது அரசுக்குக் கொடுக்கப்பட்டதன்று. கொடுக்கப்படாததைக் கொடுப்பவனிடமிருந்து பெறுவதால் அது கொடுக்கப்பட்டதாகிவிடாது.

இந்நெறி அரசர்க்கும் அருங்காட்சியகத்துக்கும் இன்றைய அரசாங்கத்துக்கும் ஒருங்கே பொருந்தும். அவர்கள் எவரும் உடைமையாளரல்லர், காவலர். காவலனுக்குக் கதவைத் திறந்து காட்டும் கடமை உண்டு; பொருளை விற்கும் உரிமை இல்லை.

பற்றற்றார்க்கு உரிமை ஏன்?

நான்காவது கேள்வி நம் நெஞ்சைத் தொடுவது. பற்றை விடச் சொல்லும் தருமத்தில் நிற்போர் மணிகளைக் கேட்பதேன்?

பற்றின்மை ஒருவன் தன்னை நோக்கித் தானே விதித்துக்கொள்ளும் பயிற்சி. எடுத்தவன் இழந்தவனை நோக்கி அதைப் போதிக்கத் தொடங்கினால் அது போதனையாகாது. நம் முன்னோர் இவ்வகைப் போதனையை நன்கு அறிவர். நிலம் போனபோது உன் கன்மம் என்றனர். வழி மறிக்கப்பட்டபோது உன் விதி என்றனர். பொறுத்துக்கொள், மறுமையில் நன்மை உண்டு என்றனர். சொன்னவர் எவரும் தம் நிலத்தையோ வழியையோ விட்டவரல்லர். மாண்டாரை எடுத்துச் செல்ல இடுகாட்டுக்குப் பாதை கேட்டு மனுக்கொடுக்கும் சேரிகள் இன்னும் இந்நாட்டில் உண்டு. ஆதலின், இறந்தோர் எச்சத்தை மதித்தல் என்பது நமக்கு நூலிற் படித்த செய்தியன்று.

இவ்விடத்தில் பிளீட் கூறிய பொருளையும் ஏற்றுப் பார்ப்போம். அவை புத்தருடைய எலும்புகளாக இல்லாமல் அவருடைய உறவினர் எலும்புகளாகவே இருக்கட்டும். அப்போது வினா எளிதாகிவிடுமோ? ஒரு குடும்பத்தார் தம் இறந்தோர்க்கு இட்ட மணியை எடுத்து விற்பது, புத்தருக்கு இட்டதை விற்பதினும் நல்லதாகிவிடுமோ? எலும்பு யாருடையது என்பதை ஆராய்ச்சி இன்னும் நூறாண்டு விவாதிக்கலாம். விற்கலாமோ என்னும் வினா அதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.

அறிஞர் தந்தவையும் மறைத்தவையும்

பிப்ரவா பற்றிப் பேசுமிடத்து இன்னொரு செய்தியை மறைப்பது நேர்மையன்று. பெப்பே தோண்டிய அதே காலத்தில், அங்கிருந்து தொலைவில் அல்லாத நேபாளப் பகுதியில், அரசாங்கத் தொல்பொருள் துறையைச் சேர்ந்த டாக்டர் பியூரர் என்பாரும் தோண்டிக்கொண்டிருந்தார். கண்டுபிடிப்புகளால் புகழ் பெற்றவர் அவர். சாக்கியர் பெயர்கள் பொறித்த கலங்களைக் கண்டதாக அறிவித்தார். அப்பெயர்கள் பொய்யாகப் புனையப்பட்டவை என்று தெரியவந்தது. பர்மியப் பிக்கு ஒருவருக்குப் புத்த தாதுக்கள் என்று கூறி அவர் அளித்தவற்றுள் ஒரு பல், குதிரையின் பல்லாக இருந்தது. 1898 இலேயே அவர் பதவி விலக நேர்ந்தது. பக்தியால் கண் மூடியிருந்த ஒருவரைக் கல்வியால் கண் திறந்திருந்த ஒருவர் ஏமாற்றினார் என்பதே இதன் சாரம்.

இதனால் பிப்ரவாச் செப்பின் எழுத்தின்மீதும் ஐயம் விழுந்தது. அவ்வையத்தை அகற்றியவர்களும் அறிஞர்களே. எழுத்தமைதியையும் மொழியமைதியையும் நுணுகி ஆராய்ந்த ஹாரி பால்க் போன்றோர், அவ்வாசகம் பழமையானதே, போலியன்று என்று நிறுவினர். 1971 முதல் இந்தியத் தொல்பொருள் துறையின் ஸ்ரீவாஸ்தவா அதே மேட்டை மீண்டும் அகழ்ந்து, பெப்பே நிறுத்திய இடத்துக்கும் கீழே எலும்புத் துணுக்குகள் கொண்ட மாக்கற் செப்புகளைக் கண்டார். அவை புது தில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. பிப்ரவாவே பழைய கபிலவத்து என்று அவர் கருதினார். நேபாளத்துத் திலௌராகோட்டே அது என்பார் இன்னும் பலர்.

ஆராய்ச்சியை வெறுப்பதும் தவறு. ஆராய்ச்சியாளர் சொன்னதெல்லாம் வேதமென்று ஏற்பதும் தவறு. மேலே நாம் காட்டிய விநய விதி நம் கைக்கு எட்டியதே, ஓல்டன்பர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1879 முதல் 1883 வரை பாலி விநய பிடகத்தைப் பதிப்பித்தமையால் அன்றோ? ஒரு கை மணியை எடுத்தது. இன்னொரு கை, அதை எடுத்தல் தகாது என்று சொல்லும் நூலைக் கொடுத்தது. இரண்டும் ஒரே நூற்றாண்டின் கைகள். இவற்றைப் பிரித்தறியும் பொறுப்பு நம்முடையது. கேள்விப்பட்டதனாலும் நூலில் உள்ளதனாலும் ஆசிரியர் சொன்னதனாலும் மட்டும் ஏற்காதீர் என்று காலாமர்க்கு அறிவுறுத்தியவர் வழியில் வந்தோர்க்கு இது புதிய கடமையன்று.

மீட்பின் விலை

மணிகள் திரும்பியது எங்ஙனம் என்பதையும் காண்போம். அவற்றை இந்தியாவின் கோத்ரெஜ் தொழிற்குழுமம் விலைக்கு வாங்கியது. தொகை வெளியிடப்படவில்லை. பெரும்பகுதியை ஐந்து ஆண்டுகளுக்குத் தேசிய அருங்காட்சியகத்துக்கு இரவலாக அளிப்பதென்றும், முழுத் தொகுதியையும் மூன்று மாதம் காட்சிக்கு வைப்பதென்றும் அறிவிக்கப்பட்டது.

மகிழ்ந்தோம், மகிழ்ச்சியை மறைக்க வேண்டுவதில்லை. விற்பனைக்கு நிறுத்தப்பட்ட அடிமையைப் பொருள் கொடுத்து மீட்பவன் நற்செயலே செய்கிறான். எனினும் அடிமைச் சந்தைக்கும் அன்றைய தினம் இலாபமே. வாங்கியவர் மீது குறை காண்பது நம் கருத்தன்று. இரவல் என்னும் சொல்லில் உடைமை இன்னும் ஒளிந்திருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். 1851 இல் சாஞ்சிப் பகுதிச் சேதியங்களில் எடுக்கப்பட்டு இலண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த சாரிபுத்த, மொக்கல்லான அரகந்தர்களின் தாதுக்கள் 1947 இல் கீழ்த்திசைக்குத் திரும்பின. அவை 1952 நவம்பர் 30 ஆம் நாள் சாஞ்சியில் புதிய விகாரத்தில் மீண்டும் அமர்த்தப்பட்டன. கண்ணாடிப் பெட்டியிலிருந்து வழிபாட்டிடத்துக்குச் செல்லும் வழி உண்டு என்பதற்கு அதுவே சான்று.

நம்மையும் அளத்தல்

பிறரை அளந்த கோலால் நம்மையும் அளந்தாலன்றி இக்கட்டுரை நிறைவெய்தாது.

பிப்ரவா மேடு திறக்கப்பட்ட அதே 1898 ஆம் ஆண்டில்தான் பண்டிதர் அயோத்திதாசர் ஆல்காட்டோடு இலங்கை சென்று, சுமங்கல நாயகத் தேரரிடம் பஞ்ச சீலம் பெற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். வடக்கே சாக்கியர் பெயர் மண்ணிலிருந்து வெளிப்பட்டது; தெற்கே எளிய மக்கள் அப்பெயரைத் தம் பெயராக ஏற்றனர். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் வரை அச்சங்கம் கிளைத்தது. ஆயின் 1899 இன் பங்கீட்டில் இந்தியப் பௌத்தருக்கு ஒரு துணுக்கும் இல்லை. இந்நினைவு நமக்குக் கசப்பைத் தரலாம். அக்கசப்பை ஆதாரமாகக் கொண்டு, எங்களுக்கே உரியது என்று நாம் கூவத் தொடங்கினால், எவர்க்கும் பங்கில்லை என்ற மல்லரின் குரலே நம் வாயிலும் ஒலிக்கும். சயாமியரும் சிங்களவரும் பர்மியரும் நேபாளியரும் வணங்கும் பொருளை ஒரு நாட்டின் உடைமை என்று குறுக்குவதும் ஒருவகைத் திருப்பிவிடுதலே.

இதனினும் அருகில் ஒரு சோதனை உண்டு. தமிழ் மண்ணில் வயலோரத்திலும் மரத்தடியிலும் கிடக்கும் பழைய புத்தர் சிலைகள் பல, வேறு பெயரில் வழிபடப்படுகின்றன. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்ட உருவம் புத்தருடையதே என்று, தொல்லியல் வல்லுநர் அறிக்கையின்மேல், சென்னை உயர் நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது. உண்மை நிலைநாட்டப்பட்டது நன்று. ஆனால் அச்சிலைக்குத் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் வார்த்தவரும் ஏழைகளே. அவர்கள் இட்ட விளக்கும் கொடையே. புத்தரை மீட்கும் ஆர்வத்தில் அவர்களைத் துரத்துவோமாயின் புத்தரை இழப்போம். அங்கே நமக்கு வேண்டியவர் துரோணர். கலத்தை மட்டும் கேட்டுக்கொண்டு எல்லாரையும் அமைதியாக வீட்டுக்கு அனுப்பியவர்.

தம் உடலுக்குச் செய்ய வேண்டியது யாது என்று ஆனந்தர் கேட்டபோது, அதைப் பற்றி நீங்கள் கவலற்க, உங்கள் நன்மைக்கே முயல்க என்று பகவன் கூறியதாக அதே சுத்தம் சொல்கிறது. சால மரங்கள் சொரிந்த மலரினும், தருமத்தின்படி ஒழுகுவதே தமக்குச் செய்யும் உயர்ந்த வழிபாடு என்றும் அறிவுறுத்தினார். ஆயினும் நாற்சந்தியில் எடுக்கும் சேதியத்தில் மலர் வைத்து மனம் தெளிவோர்க்கு நன்மை உண்டு என்பதையும் அவர் மறுக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் நாம் கேட்க வேண்டியது விளங்கும். மணிகள் நமக்கு வேண்டா. எவர்க்கும் விலையாகாதிருத்தல் வேண்டும். தொலைதூரத்துத் தொழிலாளி ஒருவன் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, இதை ஒரு குடும்பத்தார் கொடுத்தார்கள் என்று காட்டிவிட்டுப் போகும்படி அவை இருத்தல் வேண்டும்.

அடுத்த பௌர்ணமியில் இரண்டாம் சீலத்தைச் சொல்லும்போது, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் தொழிலிலும் பொதுப்பொறுப்பிலும் இருப்பவற்றுள் நமக்குக் கொடுக்கப்பட்டது எது, நாம் வெறுமனே வைத்திருப்பது எது என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. சங்கத்தின் உண்டியற் பணத்தைக் கையில் வைத்திருக்கும் பொருளாளர் முதல் நாட்டின் கருவூலத்தைக் காக்கும் அமைச்சர் வரை அவ்வினாவுக்கு விலக்கு இல்லை.

எல்லா உயிர்களும் நலம் பெறுக.